முதலில் கூரை

நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஆறு சக்கரம். ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டிய 28 அடி மோட்டார்ஹோம், 2012ஆம் ஆண்டு மாடல். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நெற்றி போலத் துருத்திக்கொண்டு ஒரு படுக்கை இருக்குமே, அமெரிக்காவில் ‘கிளாஸ் சி’ என்பார்கள், அந்த வகை. மகன் கல்லூரிக்குப் போன பிறகு டெக்சாஸில் இருந்த வீட்டை விற்றுவிட்டு நானும் கணவரும் இதில் ஏறினோம். நான்கு வருடம் ஆகிறது. குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனம், கோடையில் கொலராடோ மலைப்பக்கம். அவர் வண்டிக்குள் உட்கார்ந்தே அலுவலக வேலை பார்க்கிறார். வண்டியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் என் பொறுப்பு.

இப்படி வாழ ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள். எத்தனை வாட் சோலார் போடலாம், லித்தியம் பேட்டரி வாங்கலாமா, இணையத்துக்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் பழைய வண்டியை வாங்கி அதில் வருடம் முழுக்கக் குடியிருக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்த வண்டியின் கூரை மேல் கடைசியாக எப்போது ஆள் ஏறிப் பார்த்தது? நான் அதைக் கேட்காமல்தான் வாங்கினேன்.

வாங்கிய இரண்டாவது மாதம் ஒரு நல்ல மழை. மறுநாள் காலையில் முன்பக்கப் படுக்கையின் இடது மூலையில் தலையணை ஈரமாக இருந்தது. ஜன்னல் சரியாக மூடவில்லை போல என்று நினைத்துக் காயப்போட்டேன். அடுத்த மழையிலும் அதே மூலை. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தேன். பின்னாலிருந்த மெல்லிய ப்ளைவுட் கறுத்திருந்தது. அழுத்தியதும் விரல் உள்ளே போனது. மரம் ஊறவைத்த அவல் மாதிரி இருந்தது.

அன்று இரவு ஊருக்கு ஃபோன் பேசினேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீடு நாட்டு ஓட்டு வீடு. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் அப்பா ஏணி வைத்து ஏறிவிடுவார். உடைந்த ஓட்டை எடுத்து, நகர்ந்த ஓட்டைச் சரித்து அடுக்கி, அணில் கலைத்த இடத்தைச் சரிபார்த்து இறங்க இரண்டு நாள் ஆகும். கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பா அதிகம் யோசிக்கவில்லை. “ஏம்மா, உள்ள ஒழுகுற இடம் வேற, மேல தண்ணி ஏறுற இடம் வேற. தண்ணி சரிவைப் புடிச்சுதான் வரும். மேட்டுப் பக்கமாத் தேடு” என்றார்.

மேட்டுப் பக்கமாகத் தேடினேன். நாங்கள் நிறுத்தியிருந்த இடம் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. ஆகவே ஈரம் தெரிந்த மூலைக்கு வலது புறமாகத் தேட வேண்டும். நெற்றியின் உச்சியில் வரிசையாக ஐந்து சிறிய ஆரஞ்சு விளக்குகள் உண்டு. 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான வண்டிகளுக்கு அந்த விளக்குகள் இங்கே சட்டப்படி கட்டாயம். நடுவில் மூன்று, ஓரங்களில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் திருகாணித் துளைகளும் ஒயர் போகும் துளையும் இருக்கும். ஐந்தையும் கழற்றினேன். நடு விளக்கின் பின்னாலிருந்த பசை வெயிலில் காய்ந்து, பொருக்குத் தட்டி, விரல் பட்டதும் உதிர்ந்தது. அதன் ஒயர்த் துளை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, சுவருக்குள்ளேயே நான்கு அடி பயணம் செய்து, இடது மூலையில் வந்து தலையணையை நனைத்திருக்கிறது.

இந்த வகை வண்டிகளின் சுவர் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் பயம் வரும், வர வேண்டும். வெளியே கண்ணாடியிழைத் தோல். உள்ளே மரச் சட்டமோ அலுமினியச் சட்டமோ, அதன் இடைவெளியில் ஃபோம், அப்புறம் எட்டில் ஒரு அங்குல லுவான் ப்ளைவுட், அதன் மேல் காகிதம். தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் ஆவியாகி வெளியேற வழியே கிடையாது. வெளித்தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே சட்டம் மண்ணாகிக்கொண்டிருக்கும். சாலையில் போகும் ஒவ்வொரு மைலும் இந்த வீட்டுக்கு ஒரு சிறு பூகம்பம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மூட்டுகள் அசைந்துகொண்டே இருக்கின்றன, மேலே வெயில் பசையைக் காய்ச்சுகிறது. எங்கள் கூரையில் ஏசி, காற்றாடி, குளிர்பெட்டியின் புகைவழி, கழிவுக்குழாய்களின் மூச்சுக்குழாய், ஆன்டெனா என்று எண்ணியதில் பதினொரு துளைகள். பதினொன்றையும் காப்பது ஒரு விரற்கடைப் பசைதான்.

பழுது பார்க்கும் ஒரு பணிமனையில் விலை கேட்டேன். ஆறாயிரம் டாலர் என்றார்கள், அதுவும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாங்களே இறங்கிவிட்டோம். அழுகிய மரத்தை நல்ல மரம் தட்டுப்படும் வரை வெட்டி எடுத்தோம். அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியமானது: எதையும் மூடாமல் மூன்று வாரம் காயவிட்டோம். ஈரமுறிஞ்சும் இயந்திரத்தைப் படுக்கையிலேயே வைத்து ஓட்டினோம். இருபது டாலருக்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டரின் இரண்டு ஊசிகளையும் மரத்தில் குத்திக் குத்திப் பார்த்து, எண் 12 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் புதுப் பைன் சட்டம் வைத்து, ஃபோம் நிரப்பி, ப்ளைவுட் அடித்தோம். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் புது மரம் வைத்து மூடினால் இரண்டே வருடத்தில் அதுவும் அழுகும்.

பசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று குளியலறை சிலிக்கானைக் கூரையில் பூசாதீர்கள். அது காய்ந்த இடத்தில் பின்னால் வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூடச் சரியாக ஒட்டாது. அடுத்த முறை பழுது பார்க்கும்போது அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். விளக்கு, சட்டம் போன்றவற்றின் அடியில் பியூட்டைல் டேப் என்னும் ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை. அது இறுகாது, வண்டியோடு சேர்ந்து நெளியும். கூரையின் மட்டமான பரப்பில் இருக்கும் துளைகளைச் சுற்றித் தானே பரவிச் சமமாகும் லேப் சீலன்ட். சரிவிலும் செங்குத்திலும் வழியாத வகை. கூரை ஈபிடிஎம் என்னும் ரப்பரா, டிபிஓ என்னும் பிளாஸ்டிக் விரிப்பா, கண்ணாடியிழையா என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஈபிடிஎம் கூரையில் பெட்ரோலியம் கலந்த எதுவும் படக்கூடாது, ரப்பர் உப்பிவிடும். கழுவ பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தண்ணீரும் போதும். வருடத்துக்கு நான்கு முறை ஏறுகிறேன். ஒவ்வொரு துளையையும் ஃபோனில் படம் எடுத்து, போன முறைப் படத்தோடு ஒப்பிடுகிறேன். மயிரிழை விரிசல் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியும்.

கூரைக்கு அடுத்தது எடை. இது சோலாருக்கும் பேட்டரிக்கும் முன்னால் வர வேண்டியது. ஏனென்றால் மேம்பாடு என்று நாம் செய்யும் ஒவ்வொன்றும் எடைதான். சாமானோடு சேர்த்து எங்கள் வண்டி தாங்கும் எடையின் உச்ச வரம்பு 14,500 பவுண்டு. தயாரித்தவர்கள் வெறும் வண்டியின் எடை போக மிச்சத்தைத்தான் நமக்குத் தருகிறார்கள். அதில் ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல் அதற்கே போய்விடும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் எடை மேடை இருக்கும், அங்கே ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாக எடை தெரியும். அதைவிட ஒருபடி மேலாக, டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில், 1978இல் தொடங்கிய, எங்களைப் போன்ற வண்டிவாசிகளின் எஸ்கேப்பீஸ் சங்கத்தின் தலைமையகத்தில் சக்கரம் சக்கரமாக எடை போட்டுத் தருகிறார்கள். அங்கே போனபோதுதான் எங்கள் பின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 400 பவுண்டு அதிகம் என்று தெரிந்தது. சமையலறை, தண்ணீர்த் தொட்டி, நான் அடுக்கிய அரிசி மூட்டை, பருப்பு டப்பாக்கள், கிரைண்டர் எல்லாம் இடப்பக்கம். மறுநாளே மளிகையையும் கருவிப் பெட்டியையும் வலப்பக்க அறைகளுக்கு மாற்றினேன். வளைவில் வண்டி சாய்வது உடனே குறைந்தது, ஓட்டுகிற கைக்கே அது தெரிந்தது.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2514 என்றால் 2014ஆம் ஆண்டின் 25ஆவது வாரம் தயாரானது. எங்கள் வண்டியோடு வந்த டயர்களில் பட்டை புதிது போல ஆழமாக இருந்தது, வயது எட்டு. மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பதே அதிகம், டயர் தேய்ந்து சாவதற்கு முன் வெயிலில் முதிர்ந்து சாகும். ஆறேழு வருடத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் உள் டயரின் காற்று குறைந்தால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது, பக்கத்து டயர் அதன் சுமையையும் தாங்கிச் சூடேறி வெடிக்கும். வெடித்த டயர் அப்படியே போவதில்லை, மேலே இருக்கும் தண்ணீர்க் குழாய், ஒயர், தரைப் பலகை எல்லாவற்றையும் அடித்துக் கிழிக்கும். ஆறு வால்வுக்கும் அழுத்தம் காட்டும் சென்சார் போட்டதுதான் நாங்கள் செய்த முதல் மேம்பாடு.

சரி, இப்போது மின்சாரம். எங்கள் வண்டியில் இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் இருந்தன, சேர்த்தால் 220 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே கைக்கு வருவது 110தான். அதை வைத்துக்கொண்டே ஒரு வருடம் ஓட்டினோம். பேட்டரிக்குள் வந்து போகும் மின்சாரத்தை அளக்கும் ஷன்ட் மீட்டர் ஒன்று பொருத்தி, தினமும் இரவு படுக்கும்முன் எவ்வளவு செலவானது என்று நோட்டில் எழுதினோம். கணவரின் மடிக்கணினி, காற்றாடி, விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 90 ஆம்பியர்-அவர். இந்த எண் கையில் இருந்ததால்தான் கடைக்காரர் சொன்னதை வாங்காமல் எங்களுக்குத் தேவையானதை வாங்க முடிந்தது: 400 வாட் சோலார், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி மூன்று. குளிர்காலத்திலும் அரிசோனா வெயில் அன்றைய செலவை அன்றே ஈடுகட்டிவிடுகிறது. பழைய இரண்டைவிடப் புதிய மூன்றின் எடையும் குறைவு.

லித்தியம் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதற்கு சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரக் கேடு வரும். எனவே பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து எடுத்து, சாப்பாட்டு மேசை இருக்கையின் அடியில் வைத்தோம். இன்னொன்று ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி. ஈய பேட்டரி நிரம்ப நிரம்ப மின்சாரத்தை வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படியில்லை, கொடுத்ததை எல்லாம் கடைசிவரை இழுக்கும். இடையில் கட்டுப்பாடு இல்லையென்றால் வண்டியின் ஆல்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகும். மின்சாரத்தை அளவோடு விடும் 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று நடுவில் வைத்தால் தீர்ந்தது.

டேபிள்டாப் கிரைண்டர் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக ஓடும். அது 150 வாட். நாற்பது நிமிடம் அரைத்தால் 100 வாட்-அவர், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூட. எங்கள் மூன்று பேட்டரியிலும் சேர்த்து இருப்பது 3,840 வாட்-அவர். பாலைவனத்தின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் மின்கம்பமே இல்லாத இடத்தில் உளுந்து பொங்கிப் பொங்கி வருவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூரை ஏசிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அது 1,400 வாட் இழுக்கும், முழு பேட்டரியும் மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஏசிக்காக இன்னும் பத்து பேட்டரி வாங்குவதைவிட, வெயில் ஏறினால் மலைக்குப் போய்விடுவது நல்லது. வீட்டுக்குச் சக்கரம் இருப்பதே அதற்குத்தானே.

வண்டி நிறுத்தும் வாடகை இடங்களில் மின்சாரம் எடுக்கும்போது அங்கிருக்கும் மின்கம்பத்துக்கும் நம் ஒயருக்கும் நடுவில் ஒரு மின் பாதுகாப்புக் கருவி கட்டாயம் வேண்டும். இங்கே 30 ஆம்பியர் வண்டிக்கு 120 வோல்ட்தான், ஆனால் அந்த சாக்கெட்டைப் பார்க்கும் வீட்டு எலக்ட்ரீஷியன் சில சமயம் 240 என்று நினைத்து இணைத்துவிடுவார். செருகிய நொடியில் உள்ளே இருக்கும் அத்தனையும் போகும். ஒரு இடத்தில் எங்கள் கருவி பிழை எண் காட்டி மின்சாரத்தை உள்ளே விடவே மறுத்தது. அன்று அதன் விலை திரும்பக் கிடைத்துவிட்டது.

வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுத்தாயிற்று. உள்ளேயே உண்டாகும் தண்ணீர் இன்னொரு பங்கு. ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் 1.6 பவுண்டு தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது போக நம் சமையல் வேறு. இட்லிக் கொப்பரை, குக்கர், கொதிக்கிற ரசம் என்று காலையிலிருந்து ஆவிதான். முதல் குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வழிந்து, மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பலகையில் கறுப்பாகப் பூஞ்சை. இப்போது அடுப்பு எரியும்போதெல்லாம், வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், கூரைக் காற்றாடியை வெளிநோக்கி ஓடவிட்டு எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்கிறேன். மெத்தைக்கு அடியில் காற்றோட்டத்துக்கான வலை விரித்திருக்கிறோம். புகைவழி இல்லாத சிறிய கேஸ் ஹீட்டரை அறைக்குள் எரிப்பதை நிறுத்தினோம். ஈரத்தோடு கார்பன் மோனாக்சைடு அபாயமும் அதில் உண்டு. வண்டியோடு வரும் ஃபர்னஸ் என்னும் ஹீட்டர் தன் புகையையும் ஆவியையும் வெளியே தள்ளிவிடும், அதையே பயன்படுத்துங்கள். கேஸ் கசிவு அலாரம் தரையோரம் இருக்கும், புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால். அதன் முதுகில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பாமல் ஒருமுறை கழற்றி அந்தத் தேதியைப் படியுங்கள். எங்களுடையது வாங்கும்போதே காலாவதியாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

கழிவுநீரில் நம் சமையலுக்கு ஒரு எச்சரிக்கை. தாளித்த எண்ணெய், பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் கிரே டேங்கில் போய்க் குளிரில் உறைந்து, அளவு காட்டும் சென்சார்களில் அப்பிக்கொள்ளும், நாற்றமும் வரும். தட்டையும் கடாயையும் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். கழிப்பறையின் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிவிடும், திடக்கழிவு தங்கிக் கல்லாகிவிடும். முக்கால் தொட்டியாவது நிறைந்த பிறகு திறந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் போய்விடும், பின்னாலேயே கிரே டேங்கைத் திறந்தால் குழாயும் கழுவிவிடப்படும்.

எங்களுடையது போன்ற இரும்பு வெந்நீர்த் தொட்டியில் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், ஆனோட் என்பார்கள். இரும்புத் தொட்டியை அரிக்க வேண்டிய நீர் அதற்குப் பதிலாக இந்தக் கம்பியை அரித்துக்கொள்ளும். நான் முதன்முதலில் கழற்றியபோது வெறும் நடுக்கம்பி மட்டும் எஞ்சியிருந்தது, அதைச் சுற்றி இருக்க வேண்டிய மெக்னீசியம் முழுவதும் கரைந்து போயிருந்தது. புதுக் கம்பி இருபது டாலருக்குள். தொட்டி வேறு வாங்குவதென்றால் பல நூறு. வருடம் ஒருமுறை ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தைத் திறந்துவிட்ட பிறகு கழற்றிப் பாருங்கள்.

ஃபிளாக்ஸ்டாஃபில் ஒரு அக்டோபர் இரவு. அரிசோனா என்றாலும் அந்த ஊர் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. வெளியே விட்டிருந்த தண்ணீர்க் குழாய் உறைந்து, அதோடு சேர்ந்திருந்த வடிகட்டியின் கிண்ணம் விடிவதற்குள் வெடித்திருந்தது. அதிலிருந்து, இரவு பூஜ்யத்தை நெருங்கும் என்றால் வெளிக் குழாயைச் சாயந்திரமே கழற்றி வடித்துவிட்டு, உள்தொட்டித் தண்ணீரில் சமாளிக்கிறோம்.

இதை எழுதுவது அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில், லா போசா என்னும் இடத்தில். கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் தங்குவதற்கு ஒதுக்கியிருக்கும் பாலைவனம். பருவம் முடிய ஒரு வாரம் இருக்கிறது, சுற்றிலும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. நேற்று வெயில் ஏறும் முன் கூரையில் ஏறினேன். குளியலறைக் காற்றாடியின் பின் வலது மூலையில், ஜனவரிப் படத்தில் இல்லாத ஒரு மயிரிழை விரிசல். தூசியைத் துடைத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தம் செய்து, சீலன்ட் பூசினேன். கணவர் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் கரிக்கோலால் தேதி எழுதி, படம் எடுத்து அப்பாவுக்கும் அனுப்பினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முன் பக்க மூலையும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது, அதையும் பார்த்துவிடு என்றார். நாளைக் காலை அந்த மூலைக்காக மறுபடி ஏற வேண்டும்.